பேய் எது, கடல் எது

ஜி.எம். ரூமுக்கு வெளிய கெடந்த நீலக் கலரு பிளாஸ்டிக் சேர்ல வெள்ளிங்கிரி ஒக்காந்திருந்தான். ஒக்காந்திருந்தான்னு சொல்றது சும்மா ஒரு பேச்சுக்கு. பாதி ஒடம்பு சேர்ல, மீதி அந்தரத்துல. இருவத்தியோரு வருசமா இந்த ரூமுக்குள்ள டீ கொண்டு போறான், ஒரு நாளும் இந்தச் சேர்ல குண்டி வெச்சதில்ல. இது வர்றவங்க போறவங்க ஒக்கார்ற சேரு. பம்பு எடுக்க வர்ற டீலருக, வேலை கேட்டு வர்ற ஆளுக, ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து வர்ற ஒல்லிக்குச்சி. அவங்களுக்கெல்லாம் டீய நீட்டறப்போ மொகத்துல ஓடற பயத்தக் கவனிச்சு வெச்சுக்குவான். பொறவு இரும்பு உருக்கற பவுண்டரியில போயி அப்புடியே செஞ்சு காட்டுவான்: முட்டி ரெண்டயும் ஒட்டி வெச்சு, பைல மார்ல அணைச்சு, எச்சி முழுங்கி எச்சி முழுங்கி. ஆளுக வயித்தப் புடிச்சுட்டுச் சிரிப்பாங்க. இப்ப அதே முட்டி, அதே எச்சி. பைலு ஒண்ணுதான் இல்ல. அட நாம வெளையாட்டுக்குச் செஞ்சதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லியே, அத்தன சரியாவா செஞ்சோம்னு ஒரு நிமிசம் பெருமை வந்துச்சு. அடுத்த நிமிசமே பெருமை எறங்கீருச்சு. உள்ள போன்ல ஜி.எம். சத்தம் கேக்குது. பூனால இருக்கற மொதலாளி கூடப் பேச்சு. அது முடிஞ்சதும் கதவு தொறக்கும், ஜி.எம். வருவாரு, வெள்ளிங்கிரியக் கூட்டிட்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போவாரு. அங்க நாப்பத்திரெண்டு பேரு காலையில இருந்து வேலை செய்யாம ஒக்காந்திருக்கறாங்க. அவங்க முன்னால இவன் நாலு வார்த்தை சொல்லோணும். ஜி.எம்.மே எண்ணித்தான் குடுத்தாரு. மூக்குக் கண்ணாடியக் கழட்டி, கர்ச்சீப்புல தொடச்சு, வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் பாத்து, திரும்ப மாட்டீட்டு, "ஸீ வெள்ளிங்கிரி, நாலே வார்த்தை. நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். அவ்வளவுதான். அப்புறம் நீ உன் டீயைப் பாரு, நான் என் வேலையைப் பாக்கறேன்." நா, சும்மா, வெளையாட்டுக்கு, சொன்னேன். வெரல மடக்கி எண்ணிப் பாத்தான். நாலுதான். திரும்ப எண்ணுனான். கட்டை வெரலு மட்டும் மடங்காம தனியா நின்னுக்கிட்டு இவன வேடிக்கை பாத்துச்சு.

எல்லாம் அந்த ஒத்தை இங்கிலீசுனால வந்த வெனை. அது என்ன எழவு இங்கிலீசோ, நேத்து மத்தியானத்துல இருந்து வாய்க்குள்ளயே சுத்துது, பாக்கு மாதர. மூணு மணிக்கு டீ கொண்டு போனப்போ ஜி.எம். இதே மொதலாளி கூடத்தான் போன்ல இருந்தாரு. வெள்ளிங்கிரிக்கு இங்கிலீசு தெரியாது. அஞ்சாவதோட பள்ளிக்கூடம் போதும்னு அவனும் சொன்னான், வாத்தியாரும் சொன்னாரு. அதுல ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல. ஆனா காது இருக்குதே காது, அது வேற சாமானம். ஒருக்கா கேட்டாப் போதும், ஏத்தம் எறக்கம், மூச்சு, நடுவுல நாக்கச் சப்புக்கொட்டறது வரைக்கும் அப்புடியே உள்ள எறங்கீரும். அர்த்தம் மட்டும் எறங்காது. அர்த்தம் எதுக்கு? மைனா அர்த்தம் தெரிஞ்சா பேசுது? நாலு மணி டீக்குப் பவுண்டரிக்குப் போனா தெனமும் ஆரையாச்சும் நடிச்சுக் காட்டற ஒரு ஐட்டம் உண்டு. டீ டிரம்மு மூடியத் தொறக்கறதுக்கு முன்னாலயே, "என்ன வெள்ளிங்கிரி, இன்னைக்கு ஆரு"ன்னு கேப்பாங்க. அந்த அனல்ல, மூஞ்சியெல்லாம் கரி, கண்ணு மட்டும் வெள்ளையா ஒரு நாப்பது ஜோடி இவனையே பாக்கும் பாருங்க, அப்ப வெள்ளிங்கிரி டீக்காரன் இல்ல, வேற என்னமோ. நேத்து ஜி.எம். ஐட்டம். கண்ணாடி இல்லாமயே கண்ணாடியக் கழட்டுனான், தொடச்சான், மூக்குல இருந்து கொரல எடுத்தான். "வீ ஆர் பிட்வீன் த டெவில் அண்ட் த டீப் சீ, சார்." சிரிச்சாங்க. இன்னொருக்கா கேட்டாங்க. மோல்டர் கனகராசு, சாதாரணமாச் சிரிக்காத ஆளு, அவனே, "அந்த டீப் சீய இன்னொருக்கா இழுத்துச் சொல்லு மச்சா"ன்னான். இழுத்துச் சொன்னான். டீஈஈப் சீஈஈ. ஒருத்தன் டீயே சிந்தீட்டான். அங்க நிறுத்தீருந்தா ஆச்சு. நிறுத்துனானா? நிறுத்தறது எப்பவுமே அவங்கிட்ட கெடையாது. அவன் அம்மா சாகற வரைக்கும் சொன்னது அதுதான், ஏன்டா ஒனக்கு நிறுத்தவே தெரியாதான்னு.

ஸ்டோர்ஸ்ல கணக்கெழுதற ரெஜினா அப்பத்தான் மாடியில இருந்து ஸ்டாக் பேப்பர் வாங்க எறங்கி வந்துச்சு. வேலைக்குச் சேந்து எட்டு மாசம்தான் ஆகுது, இன்னும் நிரந்தரம் ஆகல, பி.ஏ. இங்கிலீசு, சின்னப் புள்ள மாதர இருக்கும், ஆனா கைக்கொழந்தை ஒண்ணு ஊட்டுல இருக்குது. அதுவும் மொதல்ல சிரிச்சுது. சிரிச்சுட்டே இருந்த வாயி மெல்ல மூடுச்சு. "அண்ணா, அதுக்கு முன்னாடி என்ன சொன்னாரு?" கேட்டதுதான் கேட்டுச்சு, இவனுக்குக் கிறுக்கு புடிச்ச மாதர ஆயிருச்சு. படிச்ச புள்ளை நம்ம ஐட்டத்துல முன்னாடி பின்னாடி கேக்குதேன்னு ஒரே சந்தோசம். மொத்தப் போனையும் டேப்பு ஓடற மாதர ஓட்டிக் காட்டுனான். ரன் த பவுண்டரி, ஷட் த பவுண்டரி, பை மார்ச், நோபடி ஷுட் நோ. எல்லாம். இழுக்கற எடத்துல இழுத்து, முழுங்கற எடத்துல முழுங்கி. ரெஜினா கையில இருந்த நோட்டப் பாத்துக்கிட்டே, ஆருக்கும்னு இல்லாம, அர்த்தத்தச் சொல்லீருச்சு. ஒரு பக்கம் பேய் நிக்குது, இன்னொரு பக்கம் ஆழமான கடலு, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டோம்னு அர்த்தமாம். எந்தப் பக்கம் கால வெச்சாலும் சங்கடம், வெக்காம நிக்கவும் முடியாது, அப்பத்தான் அப்புடிச் சொல்லுவாங்களாம். கோயமுத்தூர்ல ஏது கடலுன்னு பின்னால இருந்து ஒருத்தன் கேட்டான், நாலு பேரு சிரிச்சாங்க. ரெஜினா சிரிக்கல. பவுண்டரிய ஓட்டுனாலும் சிரமம், மூடுனாலும் ஆளுகளோட சிரமம், அதனால மார்ச்சுக்குள்ள பொட்டாட்ட, சத்தமில்லாம மூடீரலாம், அது வரைக்கும் ஆருக்கும் தெரிய வேண்டாம். அதத்தான் சொல்லியிருக்கறாருன்னுச்சு. சொன்ன பொறவுதான் தான் எங்க நின்னு சொல்றோம்னு அதுக்கு ஒறைச்சுது போல. வாங்க வந்த பேப்பரக்கூட வாங்காம மேல ஓடீருச்சு. அதுக்கப்பறம் ஒலைக்குக் காத்தூதற ப்ளோயரு மட்டும் கத்திக்கிட்டு இருந்துச்சு. இன்னைக்குக் காலையில அதுவும் கத்தல. இருவத்தியோரு வருசத்துல ப்ளோயரு சத்தம் இல்லாத வேலை நாள இப்பத்தான் பாக்கறான். அந்தச் சத்தம் இல்லாததுனால எல்லாச் சத்தமும் பெருசாக் கேக்குது. ஏ.சி. சொட்டு விழுகற சத்தம். எதுக்க மேசையில ஜி.எம்.மோட அசிஸ்டென்டு தண்டபாணி ரப்பர் ஸ்டாம்ப குத்தற சத்தம். தன்னோட எச்சி எறங்கற சத்தம். தண்டபாணி தலையத் தூக்காமயே, என்னப்பா ஸ்டாரு, இன்னைக்கு ஒண்ணும் ஐட்டம் இல்லியான்னான். இவன் ஈன்னு இளிச்சான். வாயி தானா இளிச்சுருச்சு, வாய்க்குச் சொந்தக்காரனக் கேக்காம.

நா சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். இத ஒருக்கா சொல்லியிருக்கறான். அன்னூர்ல, ஒம்பது வயசுல. பாப்பாயி அத்தைக்குப் பேய் புடிச்சுது. பக்கத்து ஊட்டுல தூக்கு மாட்டிச் செத்த மாரணன் வந்து எறங்கிட்டான்னாங்க. தலைய விரிச்சுப் போட்டு, ஆம்பளைக் கொரல்ல, எனக்கு நாட்டுக்கோழிக் கொழம்பு வேணும், சாராயம் வேணும்னு ஆடுச்சு. கோடாங்கி வந்தான், உடுக்கை அடிச்சான், வேப்பங்கொழைல நாலு போடு போட்டான். அத்தை மயங்கி விழுந்துருச்சு. எல்லாரும் அத்தையச் சுத்தி நிக்கறாங்க. இந்தப் பய கொல்லைப் பக்கம் போயி, ஆட்டுக்குட்டி முன்னால நின்னுக்கிட்டு, அதே கொரல்ல, எனக்கு நாட்டுக்கோழிக் கொழம்பு வேணும்னு செஞ்சு பாத்தான். நல்லா வந்துச்சு. அத்தையவிட எச்சாவே நல்லா வந்துச்சு. திரும்பிப் பாத்தா அம்மா நிக்கறா, வாயில முந்தானைய வெச்சு அமுக்கிக்கிட்டு. அத்தைய உட்டுட்டு எம்பையனப் புடிச்சுக்கிச்சேன்னு ஒரு சத்தம். அப்பறம் என்ன, உடுக்கை, கொழை, சாம்பிராணிப் பொகை, முதுகுல தோலு உரியற அளவுக்கு அடி. நா சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன், நா சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்னு கத்தறான். ஒருத்தரும் நம்பல. பேயிதான் அப்புடிச் சொல்லச் சொல்லுதுன்னுட்டாங்க. அன்னைக்கு அது நெசம். நெசத்தச் சொன்னான், நம்பல. இன்னைக்கு அதே வார்த்தையப் பொய்யாச் சொல்லப் போறான், எல்லாரும் நம்பீருவாங்க. நம்பாம? வெள்ளிங்கிரி எப்ப நெசம் பேசியிருக்கறான்? ஜி.எம்.க்கு அது நல்லாத் தெரியும். அதனாலதான் நோட்டீஸ் ஒட்டல, மைக்கு வெக்கல, இவனக் கூப்புட்டாரு. நாப்பத்திரெண்டு பேரும், சீ போடா, நேத்தெல்லாம் ஊட்டுல சோறு தின்னாமக் கெடந்தோம்டான்னு தலைல ஒரு தட்டுத் தட்டீட்டு உள்ள போவாங்க. அடுப்பப் பத்த வெப்பாங்க. ப்ளோயரு கத்தும். நாலு மணிக்கு டீ, ஐட்டம். அப்புடியே டிசம்பரு, சனவரி, பிப்ரவரி. மார்ச்சுல ஒரு நாள் காலையில வந்தா கேட்டுல பூட்டு. அன்னைக்குக் கனகராசு பூட்டப் பாப்பானா, இவன் மூஞ்சியப் பாப்பானா?

சரி, அப்ப சொல்லாம இருந்தர்றது. நெசந்தாங்க, போன்ல அப்புடித்தான் பேசுனாருன்னு சொல்லீர்றது. சொன்னா? ஜி.எம். அதையும் மறைக்கல. மாட்டுன கண்ணாடிய மறுக்காக் கழட்டி, ரொம்ப மெதுவா, பாசமாச் சொன்னாரு: "உனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. அப்ப யாரோ அர்த்தம் சொல்லியிருக்காங்க. நீ விளையாட்டுன்னு சொல்லிட்டா, யாருன்னு நான் கேக்க வேண்டிய அவசியமே இல்ல." ஆருன்னு அவருக்குத் தெரியாமயா இருக்கும்? இந்தக் கட்டடத்துல பி.ஏ. இங்கிலீசு ஒண்ணே ஒண்ணுதான். பேர இவன் வாயில இருந்து வாங்கோணும், அவ்வளவுதான். ரெஜினா போகும். இவனும் போவான். இவன் போனா நாப்பத்தியாறு வயசுல வேற எந்த ஆபீசு டீ வாங்கிக் குடிக்கும்? ஊட்டுக்காரி சரசா கேப்பா, ஏங்க வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்னன்னு. அவ கேக்கற மாதரயே அந்தக் கேள்வி மண்டைக்குள்ள கேட்டுச்சு, அவ மூக்கச் சுருக்கறது மொதக்கொண்டு. மண்டைக்குள்ள எல்லாரும் அவங்கவங்க கொரல்லதான் பேசறாங்க. சரசா, ஜி.எம்., தண்டபாணி, செத்துப் போன அம்மா, கோடாங்கி. இவன் கொரலு எங்க? தேடிப் பாத்தான். கெடைக்கல. சரி அது கெடக்கட்டும், இப்ப இதுல பேய் எது, கடல் எது? ஜி.எம்.தான் பேயின்னு வெச்சா, நாப்பத்திரெண்டு பேரு கடலு. இல்ல, பொய்யிதான் பேயி, அது இப்ப இருந்து புடிச்சா மார்ச்சு வரைக்கும் உடாது. ரெஜினாதான் கடலா? அய்யோ அந்தப் புள்ளை என்ன பாவம் பண்ணுச்சு, அதப் போயிக் கடலுங்கலாமா. கடல இவன் ஒரே ஒருக்காத்தான் பாத்தான், திருச்செந்தூர்ல, மகளுக்கு மொட்டை போடப் போனப்போ. அலை வந்து அடிக்கும்னுதான் எல்லாரும் பயங்காட்டுனாங்க. அலை அடிச்சது ஒண்ணும் பெருசில்ல. அது திரும்பிப் போறப்போ காலுக்கடியில இருந்த மண்ண உருவிக்கிட்டுப் போச்சு பாருங்க. ஆரும் தள்ளல, ஆரும் புடிச்சு இழுக்கல, நின்ன எடத்துலயே நின்னான், ஆனா நின்ன எடம் இல்ல. பேயாவது கோழிக்கொழம்பு கேக்குது. குடுத்தாப் போயிரும். கடலு ஒண்ணும் கேக்கறதில்ல. அப்ப பேயிதான் தேவலையா? நாலு வார்த்தை கேக்குது, குடுத்தாப் போயிரும். நா, சும்மா, வெளையாட்டுக்கு. மூணாவது வெரலு மடங்கறப்போ மாடிப்படியில செருப்புச் சத்தம் கேட்டுச்சு.

ரெஜினா. கையில ஒரு பைலு, அதுக்கு அங்க வேலையே இல்லன்னு பாத்தாலே தெரியுது. தண்டபாணி மேசையில பைல வெச்சுட்டு, திரும்பிப் போறப்போ இவன் பக்கத்துல வந்து செருப்பு வாரச் சரி பண்ற மாதர குனிஞ்சுது. தலையத் தூக்காமயே பேசுச்சு. "அண்ணா, வெளையாட்டுன்னு சொல்லீருங்க. ப்ளீஸ்ண்ணா. மூணு வருசம் அலைஞ்சு கெடச்ச வேலைண்ணா." வெள்ளிங்கிரிக்கு ஏதாவது சொல்லோணும்னு இருந்துச்சு. பயப்படாதே அம்மிணின்னு சொல்லலாம். ஆனா அத எந்தக் கொரல்ல சொல்றது? அதே குனிஞ்ச நெலையிலயே அது இன்னொண்ணும் சொல்லுச்சு. நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கலியாம். கனகராசு அண்ணன் தன்னோட பொண்ணுக்கு மாசியில கல்யாணம் வெச்சிருக்கறாராம், பத்திரிகை வாசகம் எழுதித் தரச் சொல்லி அதுகிட்டதான் கேட்டிருக்கறாராம். அத நெனச்சா... முடிக்கல. வாரு சரியாயிருச்சு, எந்திரிச்சுப் போயிருச்சு. அட பாவி மகளே, மொதல்ல சொன்னதோட போயிருக்கக் கூடாதா? வெளையாட்டுன்னு சொல்லச் சொல்லீட்டு, அப்புடிச் சொல்ல முடியாத மாதர இன்னொண்ணையும் வெச்சுட்டுப் போகுதே. மாசி முடியறதே மார்ச்சுலதான். மாசியில தாலி, மார்ச்சுல பூட்டு. கல்யாணத்துக்கு இவனும் போவான். பந்தியில ஒக்காருவான். கனகராசு எலைக்கு முன்னால நின்னு, இன்னொரு கரண்டி பாயாசம் ஊத்து நம்மாளுக்கும்பான். அந்தப் பாயாசத்த இவன் முழுங்கோணும். அந்தப் புள்ளைக்கும் இப்ப ஒரு பக்கம் பேயி ஒரு பக்கம் கடலு. ஜி.எம்.க்கும் அப்புடித்தானோ? போன்ல அவரு கொரலு நேத்து நடுங்குச்சே. அந்த நடுக்கத்தையும் சேத்துத்தான் இவன் நடிச்சான். அது நடுக்கம்னு அப்பத் தெரியல, ராகம்னு நெனச்சுட்டான். அப்ப எல்லாருமே நடுவுலதான் நிக்கறாங்களா? அப்பறம் ஆருதான் பேயி, ஆருதான் கடலு? மாட்டி உட்ட ஆளே இல்லாம எப்புடி இத்தன பேரு மாட்டுனாங்க? ரூமுக்குள்ள ஜி.எம். போனக் கீழ வெக்கற சத்தம் கேட்டுச்சு.

கதவு தொறந்துச்சு. வா போலாம்னாரு ஜி.எம். கையில கண்ணாடி, தொடச்சுக்கிட்டே வந்தாரு. படியெறங்கறப்போ அவரு முன்னால, இவன் பின்னால. அவரு நடையில இடது காலு சித்தெ இழுக்கும், வெள்ளிங்கிரி காலும் தானா இழுத்துச்சு. சனியனே இழுக்காதேன்னு காலத் திட்டுனான். வெயில்ல கண்ணு கூசுச்சு. சைக்கிள் ஸ்டாண்டுல ஆளுக வண்டி மேலயும் தரையிலயுமா ஒக்காந்திருந்தாங்க. இன்னைக்கு மூஞ்சியில கரி இல்ல, குளிச்சுப் பவுடரு போட்டு வந்த மூஞ்சிக. அதனாலயே ஆரோ தெரியாத ஆளுக மாதர இருந்தாங்க. இவனப் பாத்ததும் நாலஞ்சு பேரு வாயி ஓரத்துல சிரிப்பு எட்டிப் பாத்துச்சு, பழக்கத்துல. ஜி.எம். பேசுனாரு. தொழிற்சாலைங்கறது ஒரு குடும்பம், குடும்பத்துல கிண்டல் கேலி இருக்கறதுதான், நம்ம வெள்ளிங்கிரி பண்ண ஒரு தமாஷ் பெருசாப் போச்சு, இப்ப அவனே சொல்லுவான்னாரு. சொல்லீட்டு ஒரு அடி தள்ளி நின்னாரு, மேடைல அடுத்தாளுக்கு எடம் உடற மாதர. நா. வெரலு தொடையோட ஒட்டி ஒண்ணு மடங்குச்சு. சும்மா. ரெண்டு. கனகராசு மொபெட்டு சீட்டு மேல ஒக்காந்து இவன் வாயவே பாத்துக்கிட்டு இருந்தான். நம்பறதுக்குத் தயாரா இருந்தான். அதுதான் தாங்கல. பொய்யின்னு சொல்லு, நம்பிக்கறேன்னு கெஞ்சற மாதர ஒரு பார்வை. அதப் பாத்ததுக்கு அப்பறம் மூணாவது வெரலு மடங்கல. வெள்ளிங்கிரி வாயத் தொறந்தான். ஒரு மாதர கீச்சுக் கொரலு வந்துச்சு, ஆரோடதுன்னு அவனுக்கே தெரியல.

"நா கேட்டதத்தாங்க சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை கொறைக்கல."

எட்டிப் பாத்த சிரிப்பெல்லாம் அப்புடியே உள்ள போயிருச்சு. ஜி.எம். பக்கத்துல வந்தாரு. கண்ணாடி இல்லாம அவரு கண்ணு சின்னதா, செவந்து போயி இருந்துச்சு. கூட்டத்துக்குக் கேக்காத மாதர, ஆனா கூட்டம் மொத்தமும் காத நீட்டிக்கிட்டு இருக்க, கேட்டாரு. "உனக்கு அர்த்தம் யாரு சொன்னா?"

மாடி ஜன்னல்ல ஒரு தலை தெரிஞ்சுது. வெள்ளிங்கிரி அந்தப் பக்கம் பாக்கல.

"ஆரும் சொல்லலீங்க. ஒரு மணி நேரமா பேயிக்கும் கடலுக்கும் நடுவுல வெளிய ஒக்கார வெச்சீங்கல்ல, நீங்கதாங்க சொல்லிக் குடுத்தீங்க."

அது அவனோட கொரல்லதான் வந்துச்சு போல, ஏன்னா அவனுக்கு அதக் கேக்கவே புடிக்கல. ஜி.எம். கண்ணாடியப் போட்டுக்கிட்டு இவனையே பாத்தாரு. கனகராசு மொபெட்டுல சித்தெ நவுந்து பின்னால எடம் உட்டான். ஒக்காருடாங்கற மாதர சீட்ட ஒரு தட்டுத் தட்டுனான், அவ்வளவுதான். வெள்ளிங்கிரி ஒக்காரலாம்னுதான் நெனச்சான். முட்டி மடங்க மாட்டேன்னுச்சு. நின்னுக்கிட்டே இருந்தான்.